மதினிக்குக் கொடுத்த மாத்திரை

ஏப்ரல் 21

இன்று லாட்ஜில் சிவசைலம் அண்ணாச்சி தனியாகக் கூப்பிட்டார். மேனேஜர் கூப்பிடுகிறார் என்றால் ரூம் சாவி விஷயமாகத்தான் இருக்கும் என்று போனேன். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே, "ஜெயா, குத்தாலத்துல சீசன் ஆரம்பிக்கப் போவுது. ரிசப்ஷன்ல நிக்கும்போது மாஸ்க் போட்டுக்கிடுதியாம்மா? வாறவங்க வேற என்னமும் நோய்னு நினைச்சிரப் போறாங்க" என்றார். நல்ல மனிதர். அவர் சொன்னதால்தான் அதிகமாக வலித்தது.

இருபத்து நாலு வயதாகியும் பரு போகவில்லை. தாடை முழுக்கக் கட்டி கட்டியாக. காலையில் தலையணை உறையில் ரத்தப் பொட்டு. எலுமிச்சை, பற்பசை, கடையில் கொடுத்த பெயர் தெரியாத க்ரீம், எல்லாம் பார்த்தாயிற்று. மாரி மதினிதான் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒத்தி விட்டாள். "கிள்ளாதட்டி, கையக் கட்டிப் போட்ருவேன்." அண்ணன் கட்டிக்கொண்டு வந்தவள். எனக்கு அக்கா இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பாள்.

ஏப்ரல் 24

தென்காசியில் தோல் டாக்டரிடம் போனேன். அபர்ணா மேடம். விளக்கடித்துப் பார்த்துவிட்டு, முதலில் அந்தக் க்ரீமைக் குப்பையில் போடச் சொன்னார். அதில் ஸ்டீராய்டாம். பிறகு சொன்னதையெல்லாம் பஸ்ஸிலேயே எழுதி வைத்துக்கொண்டேன். முகம் ரெண்டு வேளை மட்டும் கழுவ வேண்டும், தேய்க்கக் கூடாது. எண்ணெய் நெற்றியில் வழியக் கூடாது. தலையணை உறையை ரெண்டு நாளைக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும். வெயிலில் இறங்கினால் சன்ஸ்கிரீன். கை தாடைப் பக்கமே போகக் கூடாது.

ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு மாத்திரை தருவதாகச் சொன்னார். "கல்யாணம் ஆயிட்டா?" இல்லை என்றேன். "இத சாப்பிடும்போது கர்ப்பமாகவே கூடாது. நிறுத்தி ஒரு மாசம் வரைக்கும் கூடாது. குழந்தைக்குப் பெரிய குறை வரும். கல்யாணம் பேசினா அன்னைக்கே எனக்குச் சொல்லணும்." ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். எனக்கு எதுக்கு இதெல்லாம் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே போட்டேன்.

மே 11

மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து இன்னும் மோசம். உதடு பாளம் பாளமாக உரிகிறது. முதலில் கூடித்தான் குறையுமாம். குறையாவிட்டால்?

ஜூன் 9

குறைகிறது. எழுதவே பயமாக இருக்கிறது, கண் பட்டுவிடுமோ என்று. புதிதாக ஒன்றுகூட இல்லை. இன்று மாஸ்க்கைக் கழற்றிவிட்டு நின்றேன். சிவசைலம் அண்ணாச்சி பார்த்தார், ஒரு டீ அனுப்பினார்.

ஜூன் 14

மதினி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டியை வைத்துவிட்டு என் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். "ஏட்டி, ஆளே மாறிட்டியே. எனக்கும் அந்த மாத்திரைல கொஞ்சம் தாயேன். ஆவணில தங்கச்சி கல்யாணம். சிவகிரில அத்தனை சொந்தமும் வரும். எல்லா போட்டோலயும் நான்லா பக்கத்துல நிக்கணும்." அவள் நாடியில் நாலைந்து பரு, அவ்வளவுதான்.

டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். "நாலு பருவுக்கு டாக்டரா? உனக்கு ஒத்துக்கிட்டது எனக்கு ஒத்துக்கிடாதா?"

ரெண்டு அட்டை கொடுத்தேன். இருபது மாத்திரை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்க, சாப்பிட்ட பிறகு போடுங்க என்று பெரிய டாக்டர் மாதிரி சொன்னேன்.

மேடம் சொன்னது ஞாபகம் வந்தது. நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் மதினிக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். அவள் எதிரில் குழந்தை என்கிற சொல்லையே இந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. டிவியில் பிள்ளை விளம்பரம் வந்தால்கூட அம்மா சேனலை மாற்றிவிடுவாள். அவளைப் பார்த்து எந்த வாயால் "கர்ப்பமாகக் கூடாது" என்று சொல்வேன்? சொல்லவில்லை. நாலு வருஷமாக இல்லாதது இந்த ஒரு மாசத்திலா வரப்போகிறது.

ஜூன் 22

நல்ல சாரல். எல்லோரும் ஐந்தருவிக்குப் போனோம். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடினேன். மதினி தண்ணீருக்குள் சரியாக நிற்கவில்லை, சீக்கிரம் வெளியே வந்துவிட்டாள்.

ஜூலை 12

வேலை முடிந்து வந்தேன். அம்மா வாசலிலேயே நின்றாள். கையில் சீனி டப்பா. "வாயத் தெற" என்று ஒரு கை சீனியைப் போட்டாள். "உன் மதினிக்கு நாள் தள்ளிப் போயிருக்குட்டி. ஒம்பது நாளு. காலைல டெஸ்ட் பண்ணிப் பாத்தாச்சு, ரெண்டு கோடு."

உள்ளே அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தான். மதினி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். வாயில் இருந்த சீனியை விழுங்க முடியவில்லை. பாத்ரூமுக்குள் போய்த் துப்பினேன். கால் பட்டு வாளி உருண்டது. "என்னட்டி சத்தம்" என்று அம்மா கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஜூலை 13

சொல்லவில்லை.

ஜூலை 14

மாத்திரைப் பெட்டியில் இருந்த தாளை விரித்துப் படித்தேன். அட்டையிலேயே படம் போட்டிருக்கிறது. வயிற்றுப் பிள்ளைக்காரி, அவள் மேல் குறுக்கே ஒரு கோடு. இத்தனை நாள் தினமும் அந்தப் படத்தைப் பிய்த்துத்தான் மாத்திரையை எடுத்திருக்கிறேன். போனில் தேடினேன். காது இல்லாமல். இதயத்தில் ஓட்டை. தலை சிறுத்து. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றால் இருபது மாத்திரை இன்னும் தீர்ந்திருக்காது. அப்படியென்றால் இப்போதும் தின்கிறாளா? மத்தியானம் சாப்பிட்டதும் தண்ணீர் குடித்தாள், கையில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பாள். கேக்காம இருந்தா உள்ள போய்க்கிட்டே இருக்கும். ஏ ஜெயா, வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியல்லியா உனக்கு? நீ மனுஷிதானா?

ஜூலை 15

லீவு சொல்லிவிட்டு அபர்ணா மேடத்திடம் போனேன். "தோழி ஒருத்திக்கு என் மாத்திரையைக் கொடுத்துவிட்டேன்" என்று ஆரம்பித்தேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"தோழியா, வீட்டுல உள்ளவங்களா?"

"மதினி."

"கர்ப்பமா இருக்காங்களா?"

தலையை ஆட்டினேன். மூன்று நாள் முன்னால்தான் தெரிய வந்தது என்றேன்.

"எத்தனை சாப்பிட்டாங்க? இன்னும் சாப்பிடுறாங்களா?"

தெரியாது என்றேன். அவர் சத்தம் போடவில்லை. "தெரியாதுன்னு மூணு நாள் சும்மா இருந்திருக்கே. இப்ப நேரா வீட்டுக்குப் போ. செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னால சொல்லிடு. நாளைக்கு அவங்களக் கூட்டிட்டு வா."

மேலகரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வீட்டுக்கு நடந்தேன். மதினி பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையில் அண்ணன் சட்டை இருந்தது. அதை மடித்து முடித்தாள்.

"உனக்குத் தெரியுமா? குடுக்கும்போதே தெரியுமா?"

"தெரியும் மதினி."

"பெறவு ஏன் சொல்லல்ல?"

காரணத்தைச் சொன்னேன். உங்க மனசு சங்கடப்படுமேன்னு— என்று சொன்னபோதுதான் அது எவ்வளவு கேவலமாகக் கேட்கிறது என்று தெரிந்தது. அவள் உள்ளே போய் அட்டைகளை எடுத்து வந்து துணிக்குமேல் போட்டாள். ஒன்று பிரிக்காமலே இருந்தது. இன்னொன்றில் நாலு இல்லை.

"அஞ்சருவிக்குப் போனோம்லா, அன்னைக்கு உதடு வெடிச்சு தண்ணி பட்டு எரிஞ்சுது. அன்னைலேந்து தொடல்ல."

இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஜூன் 22.

ஜூலை 16

அபர்ணா மேடம் காலண்டரை வைத்து எண்ணிப் பார்த்தார். கரு தங்கிய சமயத்தில் மருந்து உடம்பில் இருந்திருக்கிறது. உறுப்புகள் உருவாகிற நேரத்துக்குள் பெரும்பாலும் வெளியேறியிருக்கும். "பெரும்பாலும்னுதான் என்னால சொல்ல முடியும்மா" என்று மதினியிடம் சொன்னார். மதினி அந்த ஒரு சொல்லைத் திரும்பக் கேட்டாள்.

அண்ணனிடம் அவளே சொல்லிவிட்டாள். அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "நீ இனிமே அவ பக்கம் போவாத" என்று மட்டும் சொன்னான்.

ஜூலை 18

திருநெல்வேலியில் பிரசவ டாக்டர். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். உள்ளே நடந்ததை அம்மாதான் பிறகு சொன்னாள். கலைப்பதென்றால் இப்போது முடிவு செய்யலாம், வைத்துக்கொள்வதென்றால் ஸ்கேன் ஸ்கேனாகப் பார்த்துக்கொண்டே போகலாம், முடிவு உங்களுடையது என்றாராம் டாக்டர். அண்ணன் பயந்துபோய், வேண்டாம், கலைத்துவிடலாம் என்றானாம். மதினி, "நாலு வருஷம் காத்துக் கெடந்தது நான். என்ன வந்தாலும் நான் பாத்துக்கிடுதேன்" என்றாளாம்.

காரில் மேலகரம் திரும்பும்போது மதினி அடுத்த ஸ்கேனுக்கான சீட்டை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 4

போன மாதம் 15-ம் தேதியோடு நானும் மாத்திரையை நிறுத்திவிட்டேன். பெட்டியைத் திறப்பதே இல்லை. முகம் கழுவுவதும் இல்லை, க்ரீமும் இல்லை. தாடையில் பழையபடி வந்து கன்னத்துக்கும் ஏறிவிட்டது. வரட்டும். வேணும் எனக்கு.

ஆகஸ்ட் 26

சிவகிரியில் கல்யாணம். மதினி அம்மாவிடம், "அவ வீட்டப் பாத்துக்கிடட்டும்" என்றாள். வீட்டைப் பார்த்துக்கொண்டேன்.

செப்டம்பர் 3

மூன்றாம் மாத ஸ்கேன். இதுவரை குறை ஒன்றும் தெரியவில்லையாம். இதுவரை. இந்தச் சொல்லோடுதான் இனி இருக்க வேண்டும். தெருவில் போகிற பிள்ளைகளின் காதைப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன். ஷேர் ஆட்டோவில் ஒரு பெண்ணின் மடியில் குழந்தை தொப்பி போட்டிருந்தது. தொப்பியைக் கழற்றிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. எனக்குக் கோட்டி பிடித்துவிடுமோ?

அக்டோபர் 23

அஞ்சாம் மாத ஸ்கேன், இதயத்துக்கு மட்டும் தனியாக ஒன்று. காலை பத்து மணியிலிருந்து அண்ணன் போனை எடுக்கவில்லை. ரிசப்ஷனில் ஒருவருக்கு ரெண்டு தரம் பில் போட்டேன். மூன்று மணிக்கு அம்மா கூப்பிட்டாள். இதயம் சரியாக இருக்கிறது. காது ரெண்டும் தெரிகிறது. மாடிப்படிக்குக் கீழே போய் உட்கார்ந்து அழுதேன்.

டாக்டர் அதோடு விடவில்லை. ஸ்கேனில் தெரியாததும் இருக்கும், பிறந்த பிறகு காது கேட்கிறதா, புத்தி வளர்கிறதா என்று பார்த்துக்கொண்டே வர வேண்டும் என்றாராம்.

நவம்பர் 17

நாலு மாதத்துக்குப் பிறகு மதினி என்னிடம் பேசினாள். தட்டை எடுத்துக்கொண்டு போனவள் நின்று என் தாடையைப் பார்த்தாள்.

"மருந்த ஏன் நிப்பாட்டுன?"

தாடையைக் கையால் மூடிக்கொண்டேன்.

"நீ மூஞ்சியக் கெடுத்துக்கிட்டா எம்பிள்ளைக்குச் சரியாயிருமா? அதப் பாத்து வேற நான் சங்கடப்படணுமா? போயி டாக்டரப் பாரு."

கோபமாகத்தான் சொன்னாள். இருந்தாலும் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

நவம்பர் 20

அபர்ணா மேடம் திட்டுவார் என்று நினைத்தேன். "தண்டனை கொடுக்க முகம்தான் கிடைச்சுதா?" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் தழும்பைப் பார்த்தார். கன்னத்தில் குழிகள் விழுந்துவிட்டன, அவை முழுதாகப் போகாது. இப்போதைக்குப் பூசுகிற ஜெல் மட்டும். காலையும் மாலையும் முகம் கழுவுவது, ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர், தலையணை உறை, எல்லாம் முதலிலிருந்து.

ஜனவரி 8

கூட வேலை பார்க்கும் ஜாஹிரா, போன வருஷம் சீசன் சமயத்தில் முகம் நன்றாக இருந்ததே, அப்போது என்ன மாத்திரை போட்டாய், பெயரைச் சொல் என்றாள். கடையநல்லூரில் அவளுக்கு வருகிற மாதம் நிக்காஹ். பெயரைச் சொல்லவில்லை. எதிரில் உட்கார வைத்து, நான் செய்ததை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். வெளியாள் ஒருத்தியிடம் சொல்வது இதுதான் முதல் தரம். கேட்டு முடித்தவள், "உங்க மதினி மன்னிச்சிட்டாங்களா?" என்றாள். நான் கேட்கவில்லை என்றேன்.

ஜனவரி 26

வளைகாப்பு. நாத்தனார் என்று என்னைக் கூப்பிட்டார்கள். கடைசியில் நின்றேன். மதினி கையை நீட்டினாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. வளையலைப் போட்டேன். அவள் கை வீங்கியிருந்தது. சாயங்காலம் சிவகிரிக்கு அழைத்துப் போனார்கள்.

மார்ச் 9

பெண் குழந்தை. ரெண்டே முக்கால் கிலோ. அண்ணன் போனில் எடையைச் சொன்னான், நேரத்தைச் சொன்னான். நான் கேட்க நினைத்ததைக் கேட்க முடியாமல் நின்றேன். அவனே சொன்னான். "எல்லாம் இருக்குட்டி."

மார்ச் 12

காது கேட்கிற பரிசோதனை. இடது காது முதல் தரம் சரியாக வரவில்லையாம். மறுபடி எடுக்க ஒரு மாதம் ஆகுமாம். புதுப் பிள்ளைகளுக்கு இப்படி வருவது சகஜம், காதுக்குள் தண்ணீர் இருந்திருக்கும் என்றார்களாம். எனக்குச் சகஜமாக இல்லை.

ஏப்ரல் 11

தேர்ந்துவிட்டாள். ரெண்டு காதும். அம்மா மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது, எனக்கே கேட்காததுபோல.

ஏப்ரல் 20

அம்மாவோடு சிவகிரி போனேன். புறப்படும்போது முகத்தை வெறும் தண்ணீரில் கழுவிக்கொண்டேன். ஜெல், சன்ஸ்கிரீன் ஒன்றும் போடவில்லை.

கட்டிலில் மதினி தனியாக இருந்தாள். பிள்ளை அழுதுகொண்டிருந்தது. வாசலிலேயே நின்றேன்.

"மூஞ்சில என்னமும் போட்ருக்கியா?"

"இல்ல மதினி. வெறும் தண்ணிதான்."

"கையக் கழுவிட்டு வா."

கழுவிவிட்டு வந்தேன். பிள்ளையைத் தூக்கி என் தோளில் போட்டாள். அதன் கன்னம் என் கன்னத்தில், குழிகளின்மேல் ஒட்டிக்கொண்டது. சூடாக இருந்தது. மூச்சு விடவே பயமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது.

"நல்லா சாய்ச்சுப் பிடி, கழுத்து இன்னும் நிக்கல்ல" என்று சொல்லிவிட்டு மதினி குளிக்கப் போனாள்.