அழுத்தினால் அமுங்காத கட்டி

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா நலம். கட்டியோடுதான் நலம், ஆனாலும் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும், வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்ற பேச்சை முதலில் நிறுத்த வேண்டும்.

உன் அப்பா போனில் பாதியை விழுங்கியிருப்பார், முழுசாக நான் சொல்கிறேன். குளிக்கும்போது இடது மார்பில் பட்டாணி அளவுக்கு ஏதோ கையில் பட்டது, அழுத்தினால் அமுங்கவில்லை, நகரவும் இல்லை. ஆஸ்பத்திரியில் மார்பை எக்ஸ்ரே எடுத்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். அப்பாவுக்குப் போன உயிர் திரும்பியது, "அதான் ஒண்ணுமில்லைன்னுட்டாங்களே, சும்மா கிள்ளிக் கிள்ளிப் பார்க்காதே" என்று அதட்டினார். ஒரு பஸ் நிறையப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஓட்டுகிறவள் இவர் அதட்டலுக்கா அடங்குவேன்? மறுபடி போனேன். வரவேற்பில் இருந்த பெண், "ரிப்போர்ட் நல்லாத்தானே இருக்கு, வீட்டுக்குப் போங்கம்மா" என்றாள். "ரிப்போர்ட்டுக்கு ஒண்ணுமில்லம்மா, எனக்குத்தான் கட்டி" என்றேன். சத்தம் கேட்டு ஸ்கேன் டாக்டரே வெளியே வந்து கூட்டிப்போனார். சில மார்பில் கட்டி எக்ஸ்ரேயின் கண்ணில் மாட்டாமல் ஒளிந்துகொள்ளுமாம். கருவியை வைத்து லேசாக அமுக்கி அமுக்கிப் பார்த்தார், திரையில் மெத்தென்ற இடமெல்லாம் ஒரு நிறம், என் பட்டாணி மட்டும் விறைத்துக்கொண்டு தனி நிறம். "கெட்டியா இருக்கறதெல்லாம் புற்று இல்ல, ஊசியால கொஞ்சம் எடுத்துப் பார்த்தாதான் சொல்ல முடியும்" என்றார். எடுத்துப் பார்த்தார்கள். புற்றுதான்.

அப்பா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே அழுதார், சத்தம் வெளியே கேட்காது என்று நினைப்பு. "தண்ணி வீணாகுது, வெளிய வந்தே அழுங்க" என்று கதவைத் தட்டினேன். எனக்கும் பயம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். இறுகிய இடத்தில் மாட்டிய புற்று செல் சும்மா கிடக்காது, முண்டும், இண்டு இடுக்கில் உடம்பைச் சுருக்கிக்கொண்டு ஓடப் பார்க்கும் என்று உன் ஆராய்ச்சியைப் பற்றி நீ சொன்னபோது பாதி கேட்டு மீதி தூங்கிவிட்டேன். இப்போது தூக்கம் போய்விட்டது. டாக்டரிடம், "என் பொண்ணுக்கு அதுங்களை இடுக்குல விட்டு நசுக்கிப் பார்க்கறதுதான் வேலை" என்றேன், "அப்ப அவங்களை வேலையை விட விடாதீங்க" என்றார். பரவிய அடையாளம் இதுவரை இல்லையாம், திங்கட்கிழமை அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு மருந்து ஏற்றி முடி கொட்டினால் கொட்டட்டும், தலைவாரும் நேரமாவது மிச்சம்.

தலைமாட்டில் உட்கார்ந்து அழ இங்கே ஏற்கெனவே ஓர் ஆள் இருக்கிறார். நீ லீவு கிடைக்கும்போது வா, போதும். வேளைக்குச் சாப்பிடு. உன் மார்பையும் கையால் தடவிப் பார்த்துக்கொள், ஏதாவது தட்டுப்பட்டால் வெட்கப்படாமல் காட்டு. நோய் நொடி அண்டாமல் நூறு வயசு இரு. அந்தச் சனியனை எந்தப் பக்கம் அழுத்தினால் அதற்கு வலிக்கும் என்று நீ அங்கே கண்டுபிடி, இந்தப் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எதற்கும் அசையாத
உன் அம்மா