கழுவி வைத்த வண்டி

மார்ச் 4, செவ்வாய்

விபத்தில் சிக்கிய அவருடைய ஸ்கூட்டரைக் காலையில் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். காவல் நிலையத்தில் நிறுத்த இடமில்லையாம். "வண்டி பார்க்குற அதிகாரி வீட்டுக்கே வருவாரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார் காவலர்.

ஒருவர் வீடு தேடி வரும்போது அது அந்தக் கோலத்திலா நிற்பது? சேறு, உடைந்த கண்ணாடி, காய்ந்து கறுத்துப்போன அதுவும். சோப்புத் தண்ணீர் கரைத்துக் கழுவினேன். இடது பக்கம் நீலமாக ஏதோ அப்பியிருந்தது. கம்பி நாரால் அழுத்தித் தேய்த்தேன், போயிற்று.

கடவுளே, கடைசியாக அவரைக் குளிப்பாட்டக்கூட என்னை விடவில்லை. இதையாவது செய்தேனே.

மார்ச் 6, வியாழன்

அதிகாரி வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்து எழுதிக்கொண்டார். தண்ணீர் மட்டும் குடித்தார். "நல்லா வச்சிருக்கீங்க" என்றார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மார்ச் 13, வியாழன்

விபத்து அறிக்கையின் நகல் வந்தால்தான் குடும்பத்துக்குச் சேர வேண்டியதைக் கொடுக்க முடியும் என்று அவர் ஆபீசில் சொல்லிவிட்டார்கள். விபத்தில் அவர் மேல் தப்பு இருந்தால் அதுவும் கிடையாதாம். கொழுந்தனைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையம் போனேன். இன்ஸ்பெக்டர் ஐயா கையெழுத்துப் போட வேண்டும், ஐயா இல்லை.

"எப்ப வருவாரு?" என்றார் கொழுந்தன்.

"வந்தா இருப்பாரு" என்றார் எழுத்தர்.

மார்ச் 17, திங்கள்

இன்று எழுத்தரே விடுப்பு. பஸ் காசைக் கணக்கில் எழுதினேன். எந்தச் செலவோடு சேர்ப்பது என்றுதான் தெரியவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

நகல் கிடைத்தது. நிலையத்து பெஞ்சிலேயே உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். பள்ளிக்கூடம் போகாமல் நானாகக் கற்றுக்கொண்ட எழுத்து இதற்குத்தானா?

'நீல நிற வேன் மோதியதாக எதிர்க்கடைத் தையற்காரர் கூறுகிறார். ஆனால் வாகனத்தில் வேறு வண்டியின் சாயம் எதுவும் காணப்படவில்லை. ஓட்டியவர் தன் கவனக்குறைவால் தானே விழுந்ததாகத் தெரிகிறது.'

நீலம்.

"கவனக்குறைவா? அண்ணனுக்கா?" கொழுந்தன் குதித்தார். "ஆளே இல்லாத ரோட்டுல சிவப்பு விளக்குக்கு நின்னு, பின்னாடி வர்றவன்கிட்ட திட்டு வாங்குற மனுஷன்!"

நகலை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தேன்.

மார்ச் 26, புதன்

ஏன் கழுவினே? யாரு உன்னைக் கழுவச் சொன்னா? மோதினவன் யாரோ, எங்கேயோ. அவன் விட்டுட்டுப் போன ஒரே சாட்சியை உட்கார்ந்து தேச்சு எடுத்தது நான். என் கையாலேயே — பிரார்த்தனைக்குக் கை கூப்ப முடியவில்லை.

மார்ச் 27, வியாழன்

கொழுந்தனிடம் சொல்லிவிட்டேன். "நீலச் சாயம் இருந்துச்சு தம்பி. நான்தான் தேச்சுட்டேன்."

"உங்க அண்ணி கண்ணுக்கு ஒரு கறை தப்பாதுடான்னு அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு" என்றார் கொழுந்தன். பிறகு எழுந்து செருப்பை மாட்டினார். "வாங்க அண்ணி, போவோம்."

எதையும் சட்டென்று தூக்கிப் போடுகிறவள் இல்லை நான். கொல்லைச் சாக்கடை தேய்க்க அந்தக் கம்பி நாரை வைத்திருந்தேன். அதன் உள்ளே இன்னும் கொஞ்சம் நீலம் சிக்கியிருந்தது. காகிதத்தில் சுற்றி எடுத்துப் போனேன்.

எழுத்தர் தொடவே இல்லை. "இந்தச் சாயத்தை நீங்களே பூசிக் கொண்டாரலைன்னு நான் எப்படிம்மா நம்புறது?"

"எனக்குப் பொய் சொல்ல வராதுங்க ஐயா."

"இங்க வர்ற எல்லாரும் அதைத்தாம்மா சொல்றாங்க."

மறுபடியும் வண்டியைப் பார்க்கச் சொல்லி மனு எழுதிக் கொடுத்தேன். 'கழுவியது நான்' என்று எழுதும்போது அந்த வரி மட்டும் கோணலாகப் போயிற்று.

ஏப்ரல் 2, புதன்

யாரும் வரவில்லை.

ஏப்ரல் 9, புதன்

அதே அதிகாரி வந்தார். இந்த முறை தண்ணீர் கேட்கவில்லை. கொழுந்தன் வண்டியைச் சாய்த்துப் பிடிக்க, தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். கால் வைக்கும் பலகைக்கு அடியில், தகடு மடிந்த இடுக்கில், என் விரல் நுழையாத இடத்தில், நகக்கண் அளவு நீலம்.

சுரண்டி ஓர் உறையில் போட்டுக்கொண்டார். "வேன் கிடைக்கும்னு வாக்குக் கொடுக்க மாட்டேம்மா. ஆனா, தானா விழுந்தாருங்கிற வரி இனிமே நிக்காது."

ஒரு வரி போகும். போனவர் போனவர்தான்.

அதிகாரி போனதும், கைபட்ட இடத்தைத் துடைக்கக் கொழுந்தன் துண்டை எடுத்தார். "தொடாதீங்க தம்பி!" தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன்.

சாயங்காலம் புழுதிக் காற்று அடித்தது. உள்ளே போய் அவருடைய போர்வையை எடுத்துவந்து வண்டியை மூடினேன். அதை இன்னும் துவைக்கவில்லை.