பாத்ரூம் டோக்கன்

மார்ச் 3
இன்றும் சிடுமூஞ்சி டோக்கனைத் தரவில்லை. முப்பது பேர் சட்டை தைக்கிற லைனுக்கு ஒரே ஒரு பாத்ரூம் டோக்கன், அதுவும் சூப்பர்வைசரான அவள் பையில். "இப்பத்தானே போன?" என்கிறாள். போய் மூன்று மணி நேரம் ஆகிறது! பிறவியிலேயே கல்நெஞ்சு. இந்தக் குணத்துக்காகவே தேடிப் பிடித்து உட்காரவைப்பார்கள் போல.

மார்ச் 11
எழுந்து நின்று கேட்டேவிட்டேன். "நாங்க மனுஷங்களா, மெஷினா?" லைனே கை தட்டியது. நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, நீங்கதான் சூப்பர்வைசரா வரணும்." பாவம், ஏழு மாதக் கர்ப்பம். புருஷன் விட்டுப் போனதிலிருந்து எங்களோடுதான் இருக்கிறாள். அவளுக்காகத்தான் கத்தினேன்.

மார்ச் 18
நம்பவே முடியவில்லை. சிடுமூஞ்சியைத் தைக்க இறக்கிவிட்டார்கள். "உன் பேச்சைத்தான் கேக்கறாங்க, நீயே பாரு" என்றார் மேனேஜர். டோக்கனை ஆணியில் மாட்டினேன். வேண்டியவர்கள் எடுத்துப் போகலாம். தலைமை என்பது ரத்தத்திலேயே இருக்க வேண்டும். எனக்கு இருந்திருக்கிறது, இத்தனை நாள் தெரியவில்லை.

மார்ச் 24
இன்றைய கணக்கில் நாற்பது சட்டை குறைவு. எல்லோர் முன்னாலும் கிழித்துவிட்டார் மேனேஜர். "வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் பாப்பேன். அப்புறம் நீயும் மெஷினுக்குப் போ."

மார்ச் 25
டோக்கன் என் பையில். வெள்ளிக்கிழமை வரைக்கும்தான்.

மார்ச் 26
நாத்தனார் நாலு தடவை கேட்டுவிட்டாள். சொந்தக்காரி என்று விட்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? "இங்க அண்ணி இல்ல, மேடம்னு கூப்பிடு" என்றேன். ஒரு மாதிரி பார்த்தாள். பார்க்கட்டும்.

மார்ச் 27
இன்னும் பத்துச் சட்டைதான் பாக்கி. நாத்தனார் கை தூக்கினாள். "மேடம், முடியல..."
"இப்பத்தானே போன?"
அது எப்படி என் வாயில் வந்தது?
கால் மணி நேரத்தில் அவள் நாற்காலிக்கு அடியில் ஈரம். யாரோ சிரித்தார்கள். சட்டை நனைந்துவிட்டதா என்றுதான் நான் முதலில் பார்த்தேன் — சீ. சிடுமூஞ்சிதான் ஓடி வந்தாள். தன் துப்பட்டாவை அவள் இடுப்பில் சுற்றி, என்னிடம் டோக்கன்கூடக் கேட்காமல் அழைத்துப் போனாள். இவளுக்கு இந்த மனசு எப்போது வந்தது?

மார்ச் 28
"ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.
"ஒண்ணுமில்லண்ணா. மேடத்துக்கு வேலை ஜாஸ்தி" என்றாள் நாத்தனார்.

ஏப்ரல் 2
சிடுமூஞ்சி எழுந்து நின்று கேட்டாள். "நாங்க மனுஷங்களா, மெஷினா?" என் வார்த்தை! லைனே கை தட்டியது. நாத்தனார்தான் கடைசிவரை தட்டினாள்.
மேனேஜர் கூப்பிட்டு, இந்தச் சத்தம் அடங்க ரெண்டு பேரையாவது வேலையை விட்டு எடுக்க வேண்டும், பெயர் சொல் என்றார். சிடுமூஞ்சியைச் சொன்னேன்.
"இன்னொண்ணு?"
நாத்தனார் பெயரைச் சொன்னேன். பிரசவத்துக்கு எப்படியும் நிற்கப் போகிறவள்தானே.