சங்கீதா கேட்ட கேள்வி

அன்புள்ள அத்தானுக்கு,

நலமா? அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா? ஆரணியில் நான் நன்றாகவே இருக்கிறேன், தூக்கம்தான் சரியில்லை.

நேற்று எங்கள் குடும்ப உதவி மையத்தின் ஓராண்டு நிறைவு விழா. விவாகரத்து வரை போய், எங்களிடம் பேசிப் பேசி மறுபடி சேர்ந்த ரஞ்சித்குமாரும் சங்கீதாவும் பட்டுத் தறியை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள்.

"தெனம் ஒண்ணா உக்காந்து சாப்பிடுங்கன்னு எங்களுக்குச் சொல்லிகினே இருந்தீங்களே மேடம், நீங்க யாரோட சாப்பிடுறீங்க?" என்று சங்கீதா கேட்டாள்.

டீ எடுத்து வருவதாகச் சொல்லி எழுந்து போய்விட்டேன்.

மையத்தில் என்னை இன்னும் ஓராண்டு இருக்கச் சொல்கிறார்கள். சரியென்று சொல்ல மனமில்லை. இந்தக் குடும்பங்களை விட்டு வரவும் மனமில்லை.

நார்த்தங்காய் ஊறுகாய் தீர்ந்துவிட்டது. பார்சலில் அனுப்ப வேண்டாம், நீங்களே கொண்டு வாருங்கள். வாசலில் யாரோ அழுதபடி நிற்கிறார்கள், போகிறேன்.

உங்கள் கோமதி