ஆறு புள்ளி நான்கு

ஜூலை 9, செவ்வாய்

மாலை போட்டு இருபத்தெட்டாம் நாள். அவர் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் உலைக்கு முன்னால் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு மூன்றரைக்கு வந்தார். குளித்து, பூசை முடிந்த பிறகுதான் அன்றைக்கு முதல் தண்ணீர். நானும் அப்படியே. மகள் பூமிகாவுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. அதற்காகத் திருத்தணி முருகனிடம் நான் வேண்டிக்கொண்டது இது: ஆடிக் கிருத்திகை வரை இருவரும் பூசைக்கு முன் ஒரு சொட்டும் தொடுவதில்லை. தினமும் இந்த நோட்டில் ‘தண்ணீர் இல்லை’ என்று எழுதிக் கோடு போடுகிறேன். இன்றும் தவறவில்லை.

தலை வலிக்கிறது என்றார். சூடு என்று நல்லெண்ணெய் வைத்தேன்.

தண்ணீர் இல்லை.

ஜூலை 11

இரண்டு முறை வாந்தி. “ரெண்டு ரெண்டா தெரியுது கலா” என்றார். சாமி சோதிக்கிறார், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். சோற்றைத் தொடவில்லை. நாளையும் வேலைக்குப் போவேன் என்கிறார்.

தண்ணீர் இல்லை.

ஜூலை 12, வெள்ளி

ஆஸ்பத்திரி. காலையில் குளிக்கப் போனவருக்குக் கை கால் இழுத்துக்கொண்டது. பேச்சு இல்லை.

தலை ஸ்கேனில் ஒன்றும் இல்லையாம். ஆனாலும் டாக்டர் இளமதி சின்ன மெஷின் ஒன்றைக் கட்டிலுக்கே தள்ளிவந்து, மூடிய இமைமேல் பசை மாதிரி ஏதோ தடவி, கருவியை மெல்ல வைத்துப் பார்த்தார். என் கொழுந்தனார் பச்சையப்பனுக்குக் கோபம். “தலவலி, வலிப்புன்னு கூட்டியாந்தா கண்ணுல இன்னாத்த தேடிக்கினு இருக்காங்க? கண்ணாடிக் கடைன்னு நெனச்சுக்கினாங்களா? வா அண்ணி, வேற எடம் போலாம்.”

டாக்டர் திரும்பவில்லை. “மண்டைய தொறந்து பாக்க முடியாதுல்லண்ணா. மூளையச் சுத்தி இருக்குற தண்ணி, கண்ணு நரம்பச் சுத்தியும் இருக்கு. உள்ள அழுத்தம் ஏறுனா இங்க நரம்போட உறை வீங்கும். அஞ்சு மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். இவருக்கு ஆறு புள்ளி ஒண்ணு.”

பிறகு என்னிடம் கேட்டார். “வேலை செய்யுற எடத்துல தண்ணி நல்லா குடிப்பாரா?”

“குடிப்பாரு” என்றேன்.

பசையைத் துடைத்தபோது நெற்றியில் நான் இட்ட விபூதியும் கூடவே வந்துவிட்டது. திரும்ப இட எடுத்த கை அப்படியே நின்றது.

ஏன் அப்படிச் சொன்னேன்? சாமி காரியம், வெளியில் சொல்லக்கூடாது என்றா? இல்லை, சாமிக்குக் கெட்ட பேர் வரும் என்றா? சாமிக்கா — எனக்கா?

ஜூலை 13

6.4.

ஏறிவிட்டது. டாக்டர் தள்ளி நின்று மெதுவாகத்தான் சொன்னார், எனக்குக் கேட்டது: “ஏன் ஏறுதுன்னே தெரியலையே.”

எனக்குத் தெரியுமே. என் கையாலயே எழுதி வெச்சிருக்கேனே. முருகா, இன்னாத்துக்கு இன்னும் வாய மூடிக்கினு நிக்கறேன்?

நோட்டை எடுத்துப்போய் விரித்துக் காட்டினேன். முப்பது நாள், முப்பது கோடு. டாக்டர் விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனார்.

“உலைக்கு முன்னாடி நின்னுக்கிட்டா? ஏம்மா நேத்து சொல்லல?”

டாக்டர் திட்டவில்லை. உடனே போன் செய்தார். மூளையின் ரத்தக் குழாய்களை மட்டும் பார்க்கும் வேறு ஸ்கேனாம், சென்னையில்.

ஆம்புலன்சில் பச்சையப்பனிடமும் சொல்லிவிட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சோழவரம் தாண்டியதும், “எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் அண்ணி” என்றார்.

ஜூலை 14

மூளையிலிருந்து ரத்தம் இறங்கும் குழாயில் ரத்தக் கட்டி. உடம்பில் தண்ணீர் வற்றினால் ரத்தம் இப்படி உறையுமாம். “அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்” என்றுதான் இங்குள்ள டாக்டர் சொன்னார். அந்த ‘இருக்கலாம்’ எனக்காகச் சேர்த்ததோ என்னவோ. ரத்தம் உறையாமல் இருக்க ஊசி ஆரம்பித்திருக்கிறார்கள்.

ஜூலை 15

6.2. இங்கும் தினமும் கண்ணில்தான் பார்க்கிறார்கள். கோடு போட்ட பக்கத்திலேயே எழுதிக்கொள்கிறேன்.

ஜூலை 18

5.7. கண் திறந்தார். கழுத்தைத் தடவிப் பார்த்தார். “மாலை எங்க?” நர்ஸ் கழற்றிக் கொடுத்தது, என் பையில் இருக்கிறது என்றேன். அழுதுவிட்டேன்.

“உங்கள நான்தான்...”

“தாகமா கீதுன்னு நானுந்தான் ஒரு நாளும் சொல்லலையே” என்றார்.

ஜூலை 24

4.9. வீட்டுக்கு விட்டார்கள். வலது கண்ணில் கீழ்ப்பாதி மங்கல். திரும்புமா என்று கேட்டேன், பார்க்கலாம் என்றார்கள். வாசற்படியில் காலால் தடவிப் பார்த்து ஏறினார்.

ஜூலை 29, திங்கள்

ஆடிக் கிருத்திகை. பூமிகா மட்டும் திருத்தணிக்குப் போயிருக்கிறாள். மாலையை முருகன் படத்துக்குப் போட்டேன்.

காலை ஏழு மணிக்கு ஒரு சொம்பு தண்ணீரை அவருடைய இடது பக்கமாக வைத்தேன். அந்தப் பக்கம்தான் நன்றாகத் தெரிகிறது.

“பூசை ஆச்சா?”

“ஆவல. குடிங்க.”

என்னையே பார்த்தார். பாதி குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினார்.

குடித்தேன். விளக்கு இன்னும் ஏற்றவில்லை.