பிரிட்ஜில் இருந்த சுரைக்காய்

அன்னம்,

சோறு குக்கரில் இருக்கிறது. குழம்பு எடுக்க பிரிட்ஜைத் திறந்தபோதுதான் பார்த்தேன், நீ தாணேக்குக் கிளம்புமுன் பறித்துப் பேப்பரில் சுற்றி வைத்த சுரைக்காயை.

அதைக் கொடியில் காணோம் என்றுதான் நேற்று மொட்டை மாடியில், பில்டிங்கே பார்க்க, நம் செடித் தொட்டிக்குப் பக்கத்துத் தொட்டிக்காரர், நீ சித்தி முறையில் மௌசி என்று கூப்பிடும் சுனந்தா மௌசியைத் திருடி என்று கத்தினேன். புரியட்டும் என்று இந்தியிலேயே கத்தினேன். நாம் ஊருக்குப் போயிருந்த மாதம் முழுக்க நம் கொடிக்குத் தண்ணீர் ஊற்றியது அவர்தான்.

கூட்டு வைத்துப் பாதியை அவருக்குக் கொடு. மன்னிப்பும் நீயே கேட்டுவிடு. அவர் முகத்தில் முழிக்க என்னால் ஆகாது.

நயினார்

பி.கு.: இப்போது வாசல் மணி அடித்தது. கதவுத் துவாரம் வழியே பார்த்தால் மௌசி, கையில் அவர் தொட்டிச் சுரைக்காய். "அண்ணா, கோவம் வேணாம், இது வச்சிக்கோ" என்றார், தமிழில். நான் கதவைத் திறக்கவில்லை. வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதைத் தாண்டித்தான் கடைக்குப் போகிறேன்.