கேள்வித்தாளில் சோறு இல்லை

அண்ணை,

இன்று மத்தியானம் நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பலில், நாம் முன்பு வழக்கமாகப் போன சாப்பாட்டுக் கடையில், பக்கத்து மேசைக்காரர் ஒரு கரண்டி கேட்டார். முன்னால் சோறும் மீன்குழம்பும் இருந்தன. பரிமாறியவர், "என்னண்ணை, பிரெஞ்சுக்காரனாய் மாறிட்டியளோ?" என்று கேட்க, கடையே சிரித்தது. அவருடைய வலது கை மேசைக்குக் கீழே இருந்தது. நான் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினேன்.

2009 முடிவில் நீங்கள் வன்னியிலிருந்து வந்து என் அறையில் சேர்ந்தீர்கள். இருவரும் ஒரே உணவகத்தில் கோப்பை கழுவினோம். மீன் சமைக்கும் நாட்களில், விரலாலேயே தடவி முள்ளை எடுத்துவிட்டு, நல்ல துண்டை என் தட்டில் வைப்பீர்கள். "உனக்கு முள் பாக்கத் தெரியாது, விடு" என்பீர்கள். எனக்குத் தெரியும்தான். ஆனாலும் விட்டுவிடுவேன்.

சில வருடங்களில் எனக்கு ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்கும் வேலை கிடைத்தது. உங்கள் மனைவியான அக்காவும் பிள்ளைகளும் வந்து சேர, நீங்கள் புறநகரான சார்செலுக்குக் குடிபோனீர்கள். அங்கிருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்தபோதுதான் உணவகத்தின் ஈரத்தரையில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டீர்கள். எலும்பு பொருந்தியது. விரல்கள் மட்டும் குவிய மறுத்ததால், எங்கள் ஆஸ்பத்திரிக்கே கைப்பயிற்சிக்கு வந்தீர்கள்.

அதே நேரத்தில், கையும் தோளும் எவ்வளவு இயங்குகின்றன என்று நோயாளியிடம் கேட்கும் கேள்வித்தாளைத் தமிழுக்குக் கொண்டுவரும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஸ்பானிய மொழியில் முன்பே முடித்திருந்தார்கள். அதைச் செய்த பெண், தங்கள் வீடுகளில் நடக்காத வேலைகளை எடுத்துவிட்டு நடக்கிற வேலைகளைச் சேர்த்ததாகக் கூட்டத்தில் சொன்னாள். கைப்பயிற்சிப் பிரிவின் தலைவி என் பக்கம் திரும்பி, "உங்கள் ஆட்களுக்கு இதில் ஏதாவது விடுபட்டிருக்கிறதா?" என்று கேட்டார்.

சோறு என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் முதல் நாள் சாப்பாட்டு வேளையில் உடன் வேலை செய்யும் ஒருத்தி, வீட்டில் கையாலா சாப்பிடுகிறாய் என்று சாதாரணமாகத்தான் கேட்டிருந்தாள். நான் இல்லை என்றிருந்தேன். அந்தப் பொய்யைக் காப்பாற்ற, "ஒன்றும் விடுபடவில்லை" என்றேன். 'கத்தியால் உணவை வெட்டுதல்' என்ற கேள்வி அப்படியே தமிழில் நின்றது.

அந்தத் தாளை முதலில் உங்களிடம்தான் வாசித்துப் பார்த்தேன். தோட்ட வேலை செய்வதில் கஷ்டம் உண்டா என்றதும், "ஏழாம் மாடியிலை எனக்கென்ன தோட்டம்? கஷ்டம் இல்லையெண்டு போடு" என்றீர்கள். கத்திக்கும் அதே பதில்தான். "நான் எந்தக் காலத்திலை கத்தியாலை சாப்பிட்டனான்? அதுக்கும் இல்லையெண்டு போடு." செய்யாத வேலையில் கஷ்டம் எப்படி வரும்? சிரித்துக்கொண்டே நானும் போட்டேன். வெட்கங்கெட்ட சிரிப்பு.

முடித்ததும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "தம்பி, சோறு குழைச்சுச் சாப்பிடுறதைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையே?"

"அது அவையின்ரை தாள் அண்ணை. நாங்கள் மாத்தேலாது."

"ஓம், ஓம். அவைக்கு என்ன தெரியும்" என்று எனக்காக அவர்களைத் திட்டினீர்கள்.

பதில்களுக்கான புள்ளிகளைக் கூட்டிப் பார்த்ததில் உங்கள் கை நல்ல கையாகிவிட்டது. இனிப் பயிற்சி தேவையில்லை என்று நிறுத்தினார்கள். அதைத் தமிழில் சொன்னவனும் நான்தான். அதன் பிறகு லா சப்பலுக்கு வந்தால் நீங்கள் கடையில் உட்காருவதில்லை. "பார்சல் கட்டித் தாங்கோ" என்று வாங்கிக்கொண்டு ரயிலுக்கு நடந்துவிடுவீர்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். தெரியாதவன் மாதிரி, "என்னண்ணை அவசரம்?" என்று கேட்பேன்.

நெஞ்சு வலியில் நீங்கள் எங்களை விட்டுப் போன அன்று சார்செல் வீட்டில் அக்கா சொன்னார்: "கை உடைஞ்ச பிறகு எங்களோடை ஒரு நாளும் இருந்து சாப்பிடேல்லை தம்பி. குசினிக்குள்ளை அடுப்புக்குப் பக்கத்திலை சுவரைப் பாத்துக்கொண்டு இடக்கையாலை கரண்டியிலை அள்ளிச் சாப்பிடுவார். பிள்ளையள் பாக்கக்கூடாதாம்." நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கம் என்று நினைத்திருப்பார்.

அடுத்த கிழமை தலைவியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பேனையை எடுத்து ஓரத்தில் எழுதிக்கொண்டு, "இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். நாங்கள் கையால் சாப்பிடுகிறோம் என்ற ஒரு வரியைச் சொல்லப் பயந்துதான் உங்களைச் சுவரைப் பார்த்துச் சாப்பிட வைத்தேன்.

இப்போது தாளில் அந்தக் கேள்வி இருக்கிறது: 'சோற்றைக் குழைத்து விரல்களால் எடுத்துச் சாப்பிடுதல்.' நோயாளிகளுக்கு வாசிக்கும்போது அந்த இடத்தில் என் குரல் தணிந்துவிடுகிறது. மீன் சாப்பிடும்போது முள்ளை நானே பார்க்கிறேன். ஒவ்வொரு முள்ளுக்கும் உங்கள் நினைவு வருகிறது.

நீங்கள் கேட்டதற்கு அன்று நான் சொன்னது பொய். மாத்த ஏலும் அண்ணை. வாயைத் திறந்து சொல்லியிருந்தால் போதும். நான்தான் சொல்லேல்லை.